டோக்கியோவிலிருந்து ஹகோனேவுக்கு ஒரு வெந்நீர்க் குளியல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் வேலை பார்க்கும் நண்பர்களும் ஜப்பானைச் சுற்றிப் பார்க்க வரும் உறவினர்களும் ஒன்சென் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்சென் என்றால் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் ஊற்றும், அதைச் சுற்றி எழுந்த குளியல் இடங்களும். பதில்களை ஹகோனேவை வைத்தே சொல்கிறேன். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது, முதல் தடவை போகிறவர்களுக்கு ஏற்றது என்பதால்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹகோனேவுக்கு ஊர் சுற்றப் போகாதீர்கள், ஓய்வெடுக்கப் போங்கள்.

ஹகோனே எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

டோக்கியோவுக்குத் தென்மேற்கே, கனகாவா மாகாணத்தின் மலைப்பகுதியில். ஷிஞ்சுகு ஸ்டேஷனிலிருந்து ஓடாக்யு நிறுவனத்தின் ரோமான்ஸ்கார் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே யுமோதோவில் இறங்கலாம். எல்லாமே முன்பதிவு இருக்கைகள்தான். சில ரயில்களில் ஓட்டுநர் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பார், பயணிகளின் முதல் வரிசை அப்படியே கண்ணாடி முகப்பை ஒட்டி இருக்கும். அந்த இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு மாதம் முன்பே முன்பதிவு தொடங்கிவிடுவதால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

அவசரமாகப் போக வேண்டுமென்றால் டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்து ஒதவாராவில் இறங்கலாம், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஷிங்கான்சென்னில் கொதாமா என்ற வண்டி அங்கே நிற்கும், நொசோமி என்ற வண்டி நிற்காது. ஒதவாராவிலிருந்து யுமோதோவுக்கு உள்ளூர் ரயிலில் இன்னும் கால் மணி நேரம்.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

திரும்பலாம். தங்காமல் குளித்துவிட்டு மட்டும் வர நிறைய இடங்கள் யுமோதோவில் உண்டு. ஆனால் நான் ஒரு இரவு தங்கத்தான் சொல்வேன். ஒன்சென் பயணத்தின் சுகம் ஒரே குளியலில் கிடைப்பதில்லை. மாலையில் விடுதிக்குள் நுழைந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, விடிகாலையில் மூன்றாவது தடவை என்று குளிப்பது அங்கே சாதாரணம். அந்த மூன்றுக்கும் நடுவே ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரம்தான் உடம்பையும் மனசையும் தளர்த்துகிறது. பகலில் ரயில், ரோப்வே, படகு என்று ஓடிவிட்டுக் கடைசி அரை மணி நேரத்தைக் குளியலுக்கு ஒதுக்கினால் அலுப்போடுதான் வீடு திரும்புவீர்கள்.

ஒன்சென் நீர் என்பது சூடாக்கின சாதாரணத் தண்ணீர்தானே?

இல்லை. ஜப்பானில் இதற்கென்று 1948-இல் வந்த சட்டமே இருக்கிறது. ஊற்றிலிருந்து வெளிவரும்போது 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வெப்பம் இருக்க வேண்டும். அல்லது சட்டம் பட்டியலிட்டிருக்கும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு கலந்திருக்க வேண்டும். அதனால் வெப்பம் குறைவாக இருந்தும் ஒன்சென் என்று பெயர் பெற்ற ஊற்றுகள் உண்டு. அவற்றைச் சூடாக்கித்தான் தொட்டியில் விடுவார்கள்.

உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு ஃப்ரேமுக்குள் எழுத்து நிறைந்த தாள் தொங்கும். அந்த நீரின் ஆய்வு விவரம் அது: ஊற்றில் என்ன வெப்பம், என்னென்ன உப்புகள், தண்ணீர் கலந்திருக்கிறார்களா, சூடேற்றியிருக்கிறார்களா, வடிகட்டித் திரும்ப விடுகிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபோனை அங்கே வெளியே எடுக்கக் கூடாது என்பதால் மொழிபெயர்த்துப் பார்க்க முடியாதுதான். கேட்டால் வரவேற்பறையில் சொல்வார்கள். ஊற்று நீர் திரும்பச் சுற்றாமல் வந்தபடியே வழிந்து ஓடும் குளியலை 'கென்சென் ககேநகாஷி' என்பார்கள். விடுதி தேடும்போது இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வித்தியாசம் தோலுக்குத் தெரியும்.

ஹகோனேவிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் நீர் வேறு. யுமோதோவில் நிறமற்ற, காரத்தன்மையுள்ள நீர், தோல் வழுவழுவென்று ஆகும். ஓவாகுதானி பள்ளத்தாக்கில் எரிமலை ஆவியின் மேல் தண்ணீரைச் செலுத்தி, அது சூடாகிக் கந்தகம் ஏறியதும் குழாய் வழியாக செங்கொகுஹாரா, கோரா பக்கத்து விடுதிகளுக்கு அனுப்புகிறார்கள். பால் போல வெளுத்திருக்கும் அந்த நீர் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் தங்குங்கள்.

நிஜமாகவே உடம்பில் துணி இல்லாமல்தான் இறங்க வேண்டுமா?

ஆமாம். நம்மவர்களில் பாதிப் பேர் ஒன்சென் பக்கம் போகாததற்கு இதுதான் காரணம், அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் இடம். வாசலில் தொங்கும் திரைச்சீலையைப் பார்த்துப் போகலாம்: வழக்கமாக ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. பல விடுதிகளில் இரவோடு இரவாக இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு குளியலையும் அனுபவிக்கட்டும் என்று. அதனால் நேற்று மாலை போன வாசலுக்குள்ளேயே காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்துவிடாமல் திரையைப் பாருங்கள்.

உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் அவரவர் பாட்டுக்கு இருப்பார்கள். நான் பார்த்தவரை முதல் ஐந்து நிமிடம்தான் கஷ்டம். கழுத்துவரை நீருக்குள் போய்விட்டால் அப்புறம் அந்த நினைப்பே வராது.

அப்படியும் மனசு ஒப்பவில்லையா? பரவாயில்லை. 'கஷிகிரி' என்ற தனிக் குளியலை மணிக்கணக்கில் குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம். அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி உள்ள விடுதிகளும் உண்டு, விலை கூடுதல். ஹகோனேவின் யுனெஸ்ஸன் என்ற இடத்தில் நீச்சலுடையோடு இறங்கும் பெரிய பகுதி இருக்கிறது. பச்சைத் தேநீர், காபி, ஒயின் என்றெல்லாம் தொட்டிகள் வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அமைதி தேடிப் போகிறவர்களுக்கு ஏற்ற இடம் அல்ல.

குளிக்கும் முறை என்ன? தப்பாக ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும்: தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்குவதற்கு அல்ல. குளித்து முடித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும்.

உடைகளைக் கூடையில் வைத்துவிட்டு, சின்னத் துண்டு ஒன்றை மட்டும் கையில் எடுத்து உள்ளே போங்கள். சுவரோரமாகக் கைஷவர், கண்ணாடி, முக்காலி போன்ற குட்டை இருக்கை, வாளி என்று வரிசையாக இருக்கும். உட்கார்ந்தே குளிக்க வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தண்ணீர் தெறிக்கும். சோப்பு, ஷாம்பு அங்கேயே இருக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் இரண்டு தடவை அலசுங்கள், எண்ணெய்ப் படலம் தொட்டியில் மிதக்கக் கூடாது. நுரை முழுதும் போன பிறகு இருக்கையையும் கழுவிவிட்டு எழுந்திருங்கள். அடுத்தவருக்காக எல்லோரும் செய்வது அது.

நீளமான முடியை உச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். முடியும் துண்டும் நீரில் படக் கூடாது. துண்டை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும், நமக்குச் சுருக்கென்று சுடும். காலில் தொடங்கி வாளியால் மொண்டு ஊற்றி உடம்பைப் பழக்கிவிட்டு மெதுவாக இறங்குங்கள். நீச்சல், முங்கு, சத்தமான பேச்சு எதுவும் வேண்டாம். வெளியே வரும்போது உடை மாற்றும் அறைத் தரை நனையாதபடி, துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

தாலி, மெட்டி, கொலுசு எல்லாம் போட்டுக்கொண்டு இறங்கலாமா?

கந்தகம் கலந்த நீரில் வெள்ளி நிமிடங்களில் கறுத்துவிடும். மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நகை செய்யும் தங்கத்திலும் செம்பு, வெள்ளி கலந்திருப்பதால் மங்க வாய்ப்பு உண்டு. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகம் இல்லாத நீருள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவின்போதே கேட்டால் நீர் எந்த வகை என்று சொல்வார்கள்.

பச்சை குத்தியிருந்தால்? மருதாணி?

பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளியலில் அனுமதிக்காத இடங்கள் இன்னும் நிறைய. சின்னதாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கச் சொல்வார்கள், பெரிதாக இருந்தால் தனிக் குளியல்தான் வழி. மருதாணி அவர்களுக்குப் பழக்கமில்லாதது. கல்யாணம் முடிந்து கை நிறைய மருதாணியோடு வருகிறவர்கள் வரவேற்பிலேயே காட்டி, இது பச்சை குத்தியது அல்ல, தோலின் மேல் ஏறிய சாயம், நாளாக நாளாக மங்கிவிடும் என்று சொல்லிவிடுவது நல்லது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. டயப்பர் நிலையில் இருக்கும் குழந்தைகளைப் பொதுத் தொட்டியில் விடமாட்டார்கள். ஏறக்குறைய 7 வயதானால் பையன் அப்பாவோடு, பெண் அம்மாவோடுதான் போக வேண்டும். 2020-இல் அரசு வழிகாட்டுதலில் இந்த வயதைக் குறைத்தார்கள், அதற்கு முன்பு 10 என்று இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு 42 டிகிரி அதிகம், ஓரிரு நிமிடத்தில் தூக்கிவிடுங்கள்.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், காய்ச்சலோடு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை 2014-இல் அரசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் சூடு அதிகமில்லாத நீரில், கொஞ்ச நேரம் மட்டும், வழுக்காமல் பார்த்துக்கொண்டு போவதே நல்லது. மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பார்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். குளிர்காலத்தில் சில்லென்ற அறையிலிருந்து திடீரென்று கொதிக்கும் நீருக்குள் இறங்குவதும், ஊறிவிட்டுச் சட்டென்று எழுந்து நிற்பதும் ஆபத்து. தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். முன்பே வெந்நீர் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம், எழும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழட்டும். யாராவது கூடவே இருங்கள். குடித்துவிட்டுக் குளிப்பது யாருக்குமே கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். குளியலுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள்.

ரியோக்கானில் தங்குவது எப்படி இருக்கும்?

ரியோக்கான் என்பது ஜப்பானிய மரபு விடுதி. மாலை 3 மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். 3 மணிக்கே போய்விடுங்கள், அந்த நேரத்தில் குளியலறை காலியாக இருக்கும். வாசலில் செருப்பு, தாதாமி பாய் விரித்த அறைக்கு முன்னால் ஸ்லிப்பர் என்று கழற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். பாயில் வெறுங்கால் அல்லது சாக்ஸ்தான். இரவு உணவு நேரத்தை முன்பே கேட்டுக்கொள்வார்கள், பெரும்பாலும் 6 மணி சுமார். நம் வழக்கப்படி 9 மணிக்குச் சாப்பிடலாம் என்று இருந்தால் அடுப்பை அணைத்திருப்பார்கள். பல இடங்களில் நாம் சாப்பிடும்போது ஊழியர்கள் வந்து தரையில் மெத்தை விரித்துவிட்டுப் போவார்கள்.

யுகாதா என்ற பருத்தி அங்கி அறையில் இருக்கும். விடுதிக்குள் எங்கே போனாலும், சாப்பிடக்கூட அதோடு போகலாம். இடப்பக்கத் துணி மேலே வரும்படி கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை, பார்த்தால் அவர்கள் சங்கடப்படுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

மழுப்பாமல் சொல்கிறேன், இதுதான் கஷ்டமான விஷயம். மீனும் இறைச்சியும் தட்டில் இல்லாவிட்டாலும், 'தாஷி' என்ற சாறு கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். காய்ந்த போனிட்டோ மீனைச் சீவிப் போட்டு எடுப்பது அது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, சோபா நூடுல்ஸின் சாறு, எதுவும் விலக்கல்ல. 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் தாஷியில் வெந்த காய்கறி வரும்.

முன்பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி, முடியுமா என்று பதில் வாங்குங்கள். கடல்பாசியிலும் காளானிலும் தாஷி எடுக்கத் தெரிந்த சமையல்காரர்கள் உண்டு, ஆனால் போய் இறங்கிய பிறகு சொன்னால் யாராலும் மாற்ற முடியாது. முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத 'சுதோமாரி' திட்டத்தை எடுங்கள், வாடகையும் குறையும். கையில் தயிர் சாதத்துக்கு ஏற்பாடோ, வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உப்புமா பாக்கெட்டோ எடுத்துப் போகலாம், அறையில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும். ஹகோனே டோஃபுவுக்குப் பெயர்போன ஊர், யுமோதோவிலும் கோராவிலும் அன்றன்று செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. சோயா சாஸ் மட்டும் விட்டுச் சாப்பிட்டாலே ருசிக்கும்.

எவ்வளவு செலவாகும்?

விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இதைக் கவனிக்காமல் பாதி விலை என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து நடுத்தர ரியோக்கானில் ஆளுக்குப் பொதுவாக 15,000 யென்னிலிருந்து 30,000 யென் வரை ஆகும், மேலே எல்லையே கிடையாது. இது போகக் குளியல் வரி வழக்கமாக ஆளுக்கு 150 யென். சனிக்கிழமை இரவைத் தவிர்த்தாலே கணிசமாகக் குறையும். ஞாயிறு இரவு தங்கித் திங்கள் ஒரு நாள் விடுப்பு எடுப்பது என் யோசனை: விலையும் குறைவு, கூட்டமும் இருக்காது.

ரயில், கேபிள் கார், ரோப்வே, படகு, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹகோனே ஃப்ரீபாஸ் என்ற சீட்டு இருக்கிறது. நிறையச் சுற்றினால்தான் லாபம். ரோமான்ஸ்காருக்கு அதன் மேல் தனிக் கட்டணம் உண்டு.

குளியல் தவிரப் பார்க்க வேண்டியது?

ஒன்றே ஒன்று என்றால் யுமோதோவிலிருந்து கோரா போகும் மலை ரயில். 1919-இலிருந்து ஓடுகிறது. பல்சக்கரம் எதுவும் இல்லாமல், சாதாரணத் தண்டவாளத்தில், 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவில் ஏறுகிறது. மூன்று இடங்களில் ரயில் நின்று, வந்த திசைக்கு எதிராக 'இசட்' வடிவில் கிளம்பும். அப்போது ஓட்டுநர் தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் வழியே பின்கோடிக்கு நடப்பார், கார்டு எதிரே வருவார், இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். வளைவுகள் அவ்வளவு குறுகலானவை என்பதால் சக்கரம் தேயாமலிருக்க எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறார்கள். எண்ணெய் விட்டால் இந்தச் சரிவில் வழுக்கிவிடும். ஜூன் கடைசியில் இரண்டு பக்கமும் ஹைட்ராஞ்சியா பூத்து ஜன்னலை உரசும். 2019 அக்டோபர் புயலில் பாதை அடித்துக்கொண்டு போய், 2020 ஜூலையில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது.

நேரம் இருந்தால் ஓவாகுதானி. கந்தகப் புகை கக்கும் சரிவு, அங்கே வெந்நீரில் வேகவைத்த முட்டை கன்னங்கரேலென்று இருக்கும். நீரில் உள்ள இரும்பும் கந்தகமும் ஓட்டில் படிவதால் வரும் கறுப்பு அது, உள்ளே வெள்ளைதான். ஒன்று சாப்பிட்டால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்பது ஊர் நம்பிக்கை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே போக வேண்டாம் என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள். மற்றதெல்லாம் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

எரிமலை என்கிறீர்களே, ஆபத்து இல்லையா?

ஹகோனே உயிருள்ள எரிமலைதான், அதனால்தான் வெந்நீரே வருகிறது. 2015-இல் ஓவாகுதானியில் சிறிய வெடிப்பு நடந்து, அந்தப் பகுதியை மாதக்கணக்கில் மூடினார்கள். இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள், வாயு கூடினாலோ காற்று பலமாக அடித்தாலோ ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் அன்று காலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. காற்று குளிராக இருக்க, கழுத்துவரை சூட்டில் ஊறும் திறந்தவெளிக் குளியலுக்கு ஈடில்லை. ஃபூஜி மலை தெளிவாகத் தெரிவதும் அப்போதுதான். நவம்பரில் இலைகள் சிவக்கும், கூட்டமும் சேரும். புத்தாண்டு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை, இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

ஹகோனே போயாயிற்று. அடுத்து எங்கே?

கடலைப் பார்த்தபடி ஊற வேண்டுமென்றால் அதாமி, ஷிங்கான்சென்னில் ஒரு மணி நேரத்துக்குள். தண்ணீருக்காகவே போவதென்றால் குன்மா மாகாணத்தின் குசாத்ஸு. ஊர் நடுவில் மரத் தொட்டிகளில் ஆவி பறக்க ஓடும் நீர், எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. கண்ணில் பட்டால் எரியும். காயம், கீறல் இருந்தால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். தோல் மென்மையானவர்கள் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு வாருங்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

துண்டு, யுகாதா, பல் துலக்கி, சோப்பு எல்லாம் விடுதியில் இருக்கும். உள்ளாடை, மருந்து, முடி கட்ட ரப்பர் பேண்ட், சைவச் சாப்பாடு, கொஞ்சம் ரொக்கம் போதும். பெரிய சூட்கேஸ் வேண்டாம், மலை ரயிலில் வைக்க இடம் கிடையாது. இருந்தால் யுமோதோ ஸ்டேஷனில் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிடுங்கள், மாலைக்குள் விடுதிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து குனிந்து வழியனுப்புவார்கள், நீங்களும் நின்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள்.